லெமூரியா: கருத்து போன வழியும் நம்பிக்கை போன வழியும்

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கடவூர் மலைக்காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, முகத்தை நிறைக்கும் இரண்டு பெரிய கண்கள், குச்சி போன்ற கைகால்கள், இரவில் கிளைவிட்டுக் கிளைக்கு ஓசையில்லாமல் நகரும் நிதானம். 2022இல் தமிழக அரசு அந்தக் காட்டைத் தேவாங்குக்கான சரணாலயமாக அறிவித்தது. நாட்டில் இப்படி ஒன்று அமைந்தது அதுவே முதல்முறை. குமரிக்கண்டத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தச் சின்னப் பிராணியை யாரும் நினைப்பதில்லை. ஆனால் லெமூரியா என்ற பெயரே இதையும் இதன் உறவினங்களையும் வைத்துத்தான் பிறந்தது.

1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லண்டன் விலங்கியல் கழகத்தின் செயலாளராக இருந்தவர் அவர். ஒரு கணக்கு அவருக்கு உறுத்தியது. லெமூர் வகைப் பிராணிகள் மடகாஸ்கரில் மலிந்து கிடக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் ஆப்பிரிக்காவில் குறைவு. கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தால் தேவாங்கு போன்ற ஒருசில இனங்கள் மட்டும். கடலை நீந்திக் கடக்க இவற்றால் ஆகாது. அப்படியானால் மடகாஸ்கரையும் இந்தியாவையும் இணைத்து ஒரு காலத்தில் நிலம் இருந்திருக்க வேண்டும், பின்னர் அது கடலில் அமிழ்ந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். லெமூரின் பெயரால் அந்த நிலத்துக்கு லெமூரியா என்று பெயரும் வைத்தார்.

இது ஒரு கருத்து. நல்ல கருத்து என்றும் சொல்வேன். கண்ணுக்குத் தெரிந்த ஒரு சிக்கலிலிருந்து புறப்பட்டது. அன்று கிடைத்த அறிவைக் கொண்டு விடை தேடியது. என்ன காரணத்தால் இதைச் சொல்கிறேன் என்பதையும் எழுதி வைத்தது. காரணம் எழுதி வைக்கப்பட்டிருந்ததால், காரணம் விழுந்தபோது கருத்தும் விழ முடிந்தது.

விழத் தொடங்கியதும் சீக்கிரமே. இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு சேர்ந்து கண்டவரான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1876இல் எழுதிய நூலில் லெமூரியாவை ஏற்கத்தக்க ஊகம் என்றே கருதினார். நான்கே ஆண்டுகள் கழித்து, தீவுகளின் உயிரினங்களைப் பற்றி எழுதிய நூலில் அதை நிராகரித்தார். விலங்குகளின் பரவலை விளக்க அந்த நிலம் தேவையில்லை என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். இதற்காக அவர் மானம் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அவரைத் துரோகி என்று யாரும் அழைக்கவில்லை.

இப்போது அதே லெமூரியா போன மறுவழியைப் பார்க்கலாம்.

அது முதலில் கெட்டுப்போனது ஐரோப்பாவிலேயே. ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் அதை மனித இனத்தின் தொட்டிலாக்கி வரைபடம் போட்டார். தொல்லுயிர் எச்சம் ஒன்றும் கையில் இல்லாத நிலையில், எச்சங்கள் கடலுக்குள் போய்விட்டன என்று சொல்ல லெமூரியா வசதியாக இருந்தது. ஆதாரம் இல்லாமையே ஆதாரமாக மாறிய இடம் இது. 1888இல் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார், மனிதகுலத்துக்கு முந்தைய மூல இனங்களுள் ஒன்றை அங்கே குடியேற்றினார். அந்தச் சபையின் தலைமையிடம் 1882 முதல் சென்னை அடையாறில் இருந்தது. பிளாவட்ஸ்கி எழுதுவதற்கு முன்பே, 1885இல் வெளிவந்த மதராஸ் மாகாண நிர்வாகக் கையேட்டில் அதிகாரி மெக்லீன் திராவிடர்களின் ஆதித் தாயகமாக லெமூரியாவைக் குறிப்பிட்டிருந்தார். ஆக, அரசாங்கக் கையேடு, ஞானசபை, ஐரோப்பிய அறிவியல் மூன்றும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அது தமிழ்ப் படிப்பாளிகளின் காதில் விழுந்தது.

அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கடல்கோள் மரபு இருந்தது. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களைச் சொல்கிறது: தென்மதுரையில் 4,440 ஆண்டு, கபாடபுரத்தில் 3,700 ஆண்டு, இன்றைய மதுரையில் 1,850 ஆண்டு. முதல் இரண்டு ஊர்களையும் கடல் கொண்டது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் இன்னும் விரிவாகப் போகிறார். பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம், அதில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று ஏழேழாக 49 நாடுகள் இருந்து அழிந்தன என்கிறார். கண்டம் என்ற பேச்சு இந்த உரைகளில் இல்லை. குமரிகண்டம் என்ற பெயர் கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வருகிறது. ஆனால் அங்கே அது மூழ்கிய நிலமே கிடையாது. பரத கண்டத்தின் ஒன்பது பகுதிகளுள் ஒன்று. மன்னன் மகள் குமரிக்கு வாய்த்த பங்கு. 1903இல் பரிதிமாற்கலைஞர் தம் தமிழ்மொழி வரலாற்றில் குமரிநாடு என்று எழுதினார். பிறகு உரைகாரர்களின் கடல்கோளும், புராணத்தின் பெயரும், ஸ்க்லேட்டரின் நிலப்பாலமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குமரிக்கண்டம் எழுந்தது.

ஒரே பொருள். லண்டனில் அது கருத்தாக இருந்தது, செத்தது. இங்கே நம்பிக்கையாயிற்று, வாழ்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடத் தோதான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. சொல்லப்படும் செய்தி இரண்டிடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: தெற்கே பெருநிலம் இருந்தது, மூழ்கியது. எனவே வேறுபாட்டைச் செய்தியில் தேடிப் பயனில்லை. அது எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் தேட வேண்டும்.

இம்மானுவேல் கான்ட் 1781இல் வெளியிட்ட தூய அறிவின் விமர்சனத்தில் இதற்கு ஒரு வகுப்பு தந்திருக்கிறார். கருத்துடையவருக்குத் தம் ஆதாரம் போதாது என்று தெரியும். உள்ளுறுதியும் அந்த அளவுக்கே இருக்கும். நம்பிக்கையுடையவருக்கு உள்ளுறுதி முழுதாக உண்டு, பிறரிடம் காட்டும் ஆதாரம்தான் போதாது. இரண்டும் நிறைந்தால் அது அறிவு. ஒருவர் எதைப் பிடித்திருக்கிறார் என்று சோதிக்கப் பந்தயம் கட்டச் சொல் என்றும் அவர் யோசனை சொல்கிறார். சிறு தொகைக்கு உடனே சம்மதிப்பவர் பெருந்தொகை என்றதும் தயங்குவார், அப்போதுதான் தாம் தவறாகவும் இருக்கலாம் என்பது அவருக்கு உறைக்கும்.

கூர்மையான சோதனைதான். ஆனாலும் அது போதாது என்பது என் எண்ணம். பந்தயம் உறுதியின் சூட்டைத்தான் அளக்கிறது. உயிரையே பந்தயமாக வைத்து ஒரு கருத்தைப் பிடித்திருந்தவர்கள் உண்டு. பத்து ரூபாய்கூடக் கட்டாமல் ஒரு நம்பிக்கையைச் சும்மா வைத்திருப்பவர்களும் உண்டு.

நம் நீதிமன்றங்களின் நடைமுறை இதைவிட உதவுகிறது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, கையெழுத்து, அறிவியல், அயல்நாட்டுச் சட்டம் போன்றவற்றில் வல்லுநர் கருத்தைச் சாட்சியமாக ஏற்றது. அதோடு நிற்காமல் 51ஆம் பிரிவு, அந்தக் கருத்துக்கு ஆதாரமான காரணங்களும் பொருத்தமுடையவை என்றது. இரசாயனப் பரிசோதகர் தாம் செய்த சோதனையை விவரிக்கலாம், எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் குறுக்கு விசாரணை செய்யலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. வழிபாட்டு நம்பிக்கையிடம் சட்டம் இப்படிக் கேட்பதில்லை. அரசியலமைப்பின் 25ஆம் கூறு மனச்சான்றின் சுதந்திரத்தைப் பாதுகாக்கிறது. ஏன் அப்படி நம்புகிறாய் என்று குடிமகனைக் கூண்டில் ஏற்றுவதில்லை. காரணம் கேட்கப்பட வேண்டியது ஒன்று, கேட்காமல் மதிக்கப்பட வேண்டியது மற்றொன்று என்று சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. குழப்பம் வருவது ஒன்று மற்றொன்றின் உரிமையைக் கேட்கும்போதுதான்.

இரண்டின் குணமும் புதுச் செய்தி ஒன்று வந்து கதவைத் தட்டும்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.

1960களின் தொடக்கத்தில் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தது. பல நாடுகளின் கப்பல்கள் இந்தக் கடலைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தன. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனம் 1966இல் தொடங்கப்பட்டதே அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாகத்தான். சராசரியாக ஏறத்தாழ 3,700 மீட்டர் ஆழமுள்ள இந்தக் கடலின் தரை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. நடுவே நீண்ட மலைத்தொடர்கள், அவற்றின் பிளவிலிருந்து எரிமலைக் குழம்பு எழுந்து இருபுறமும் விலகிப் பரவிய தரை. கடல் தரை சுமார் 7 கிலோமீட்டர் தடிப்புள்ள கனமான எரிமலைப் பாறை. கண்டம் என்பது 35, 40 கிலோமீட்டர் தடிப்புள்ள, அதைவிட இலேசான கருங்கல் வகைப் பாறை. இலேசானது கனமானதற்குள் கப்பல் போல மூழ்கிப் போகாது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்தது உண்மைதான். ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பிரிந்து விலகின. நடுவே இருந்த நிலம் மூழ்கவில்லை, இரண்டு நிலங்களும் நகர்ந்தன. லெமூர்களின் முன்னோர் வெகுகாலம் பிந்தி, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மிதக்கும் மரம்செடித் திட்டுகளில் மடகாஸ்கர் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இன்றைய விளக்கம். அன்றைய கடல் நீரோட்டம் கிழக்கு நோக்கி அதற்கு வாகாக இருந்தது என்று 2010இல் ஒரு கணிப்பும் வந்தது.

கருத்து இந்தச் செய்தியைக் கேட்டு நகர்ந்துகொண்டது. விலங்கியலார் லெமூரியாவை வரலாற்றுக் குறிப்பாக ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள்.

நம்பிக்கை என்ன செய்தது? 1981இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது குமரிக்கண்டம் பற்றித் தமிழக அரசின் ஆவணப்படம் ஒன்று திரையிடப்பட்டது. கண்டங்கள் நகர்ந்த கொள்கையையே அது எடுத்துக்கொண்டு, மூழ்கிய கண்டத்துக்குத் துணையாக நிறுத்தியது. லெமூரியாவைத் தேவையற்றதாக்கிய கொள்கையே அதன் சாட்சியாக அழைக்கப்பட்டது. 2013இலும் இதுவே நடந்தது. மொரீஷியஸ் தீவின் கடற்கரை மணலில் மிகப் பழைய சிர்க்கான் படிகங்கள் கிடைத்தன. தீவின் எரிமலைப் பாறைக்கு வயது 90 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் இல்லை. படிகங்களுக்கோ பல கோடி ஆண்டுகள். 2017இல் கிடைத்தவற்றுள் சில 300 கோடி ஆண்டுகள் வரை பழையவை. தீவுக்கு அடியில் பழங்கண்டம் ஒன்றின் சிதறல் புதைந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டி, அதற்கு மொரீஷியா என்று பெயரிட்டார்கள். குமரிக்கண்டம் அகப்பட்டுவிட்டது என்று இங்கே பலர் அதைப் பகிர்ந்து மகிழ்ந்தார்கள். அந்தச் சிதறல் உடைந்தது டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில். நம் இனமான மனிதருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எச்சத்துக்கு வயது சுமார் 3 இலட்சம் ஆண்டு. இடையிலுள்ள கோடிக்கணக்கான ஆண்டுகளை மகிழ்ச்சி தாண்டிவிட்டது.

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் இதைச் செய்வதில்லை. நம்பிக்கையின் இயல்பே அப்படி. ஒத்து வரும் செய்தியை அது சான்றாக எடுத்துக்கொள்ளும். ஒத்து வராத செய்தியையும் எங்காவது வளைத்துச் சான்றாக்கிக்கொள்ளும். எந்தச் செய்தி வந்தால் நான் கைவிடுவேன் என்று அது தனக்குள் எழுதி வைத்திருப்பதில்லை. கருத்துக்கு அந்த வரி இல்லாமல் முடியாது. கருத்தையும் நம்பிக்கையையும் பிரிக்கும் கோடு இதுதான் என்று நினைக்கிறேன். உறுதி, ஆர்வம், கல்வி எதுவும் அந்தக் கோட்டை வரைவதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க இரண்டு மனிதர்களை அருகருகே நிறுத்துகிறேன். இருவரும் தாங்கள் பிடித்ததற்காக வாழ்நாளைக் கொடுத்தவர்கள்.

ஆல்ஃபிரட் வெகனர் ஜெர்மானிய வானிலையாளர். 1912 ஜனவரியில் பிராங்க்ஃபர்ட்டில் பேசியபோது கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1915இல் நூலாக எழுதினார். புவியியலார் பெரும்பாலோர் சீறினார்கள். உன் துறை இது இல்லை என்றார்கள். எந்த விசை கண்டத்தை இழுத்துப் போகிறது என்று கேட்டார்கள். அவர் சொன்ன விசைகள் போதவே போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அவரிடம் விடை இல்லை. ஆனாலும் அவர் தளரவில்லை. 1920, 1922, 1929 என்று நூலை மூன்று முறை திருத்தி எழுதினார். கிரீன்லாந்தின் தீர்க்கரேகையைப் பல ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப அளந்தால், நகர்வு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும் என்று வாதிட்டார். அளவுகள் வந்தன. கருவிகளின் பிழையால் அவை உண்மை வேகத்தைவிட மிகமிக அதிகமாக இருந்தன. கண்டம் உண்மையில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கிறது. 1930 நவம்பரில், தம் 50ஆம் பிறந்தநாள் கழிந்த சில நாட்களில், பனிப்பாலைவனத்தின் நடுவே இருந்த ஆய்வு நிலையத்துக்குப் பொருள் கொண்டு சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்தார். மறு ஆண்டுதான் உடலைக் கண்டெடுத்தார்கள்.

தேவநேயப் பாவாணர் மொழிநூல் அறிஞர். சொல்லின் வேரைத் தேடுவதே அவருக்கு வாழ்வாக இருந்தது. வறுமையிலும் புத்தகம் வாங்கினார், பிறமொழி அகராதிகளைக் கரைத்துக் குடித்தார். 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். மாந்தன் பிறந்தது குமரிநாட்டில், அவன் பேசிய முதல் மொழி தமிழ் என்பது அவர் எழுத்துகளின் அடித்தளம். 1981 ஜனவரியில் அதே மதுரை மாநாட்டில் மாந்தன் தோற்றத்தையும் தமிழர் மரபையும் பற்றி நெடுநேரம் பேசினார். அன்று இரவே நெஞ்சுவலி வந்தது. சில நாட்களில் காலமானார்.

உள்ளச் சூட்டில் இவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு காண எவராலும் முடியாது. உழைப்பிலும் அப்படியே. வேறுபாடு அவர்கள் விட்டுச்சென்ற ஏற்பாட்டில் இருக்கிறது. வெகனர் தம் சொல்லைத் தீர்க்கரேகை என்ற அளவில் கொண்டுபோய்க் கட்டினார். அந்த அளவு அவருக்கு எதிராகவும் வந்திருக்கலாம். அந்த ஆபத்துக்குத் தம் நூலில் இடம் வைத்திருந்தார். அவருடைய எதிரிகளும் அதே அளவுகோலை எடுத்துச் சோதிக்க முடிந்தது. பாவாணரின் குமரிநாடு ஆய்வின் முடிவாக வருவதற்கு முன் தொடக்கமாகவே நின்றது. சொற்களுக்கு வேர் காணும்போது அது முன்னமே உறுதியான உண்மையாக உடன் வந்தது. என்ன கிடைத்தால் குமரிநாடு இல்லை என்று ஒப்புவோம் என்ற கேள்விக்கு அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. அவர் திரட்டிய சொற்களும், அவற்றின் கிளைகளை அவர் பிரித்துக் காட்டிய நுட்பமும் கண்டத்தோடு சேர்ந்து மூழ்க வேண்டியவை அல்ல. அவற்றைத் தனியே எடுத்துச் சோதிக்கலாம், பலவற்றை ஏற்கலாம், சிலவற்றை விடலாம். பாவாணருக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுதான் என்பேன்.

வெகனரை எதிர்த்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. கண்டங்கள் அசையாதவை என்பது அவர்களுக்கு ஒரு காலத்தில் கருத்தாக இருந்து, பழகிப் பழகி நம்பிக்கையாகிவிட்டிருந்தது. தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே தொல்லுயிர் கிடைத்தால் நடுவே ஒரு நிலப்பாலத்தை வரைந்து, பிறகு அதைக் கடலில் அமிழ்த்திவிடுவார்கள். லெமூரியாவும் அந்த வழக்கத்தில் பிறந்ததுதான். 1926இல் நியூயார்க்கில் பெட்ரோலிய புவியியலார் கூட்டிய கருத்தரங்கில் வெகனருக்குக் கிடைத்த எதிர்ப்பில் அளவைக் காட்டிலும் ஆத்திரம் மிகுதி. நம்பிக்கையின் பிடி தமிழருக்கு மட்டும் நேர்ந்த குறை என்று பேசுகிற படித்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தத் துறைக்குள் ஒரு கதவு இருந்தது. 1963இல் வைனும் மாத்யூஸும் கடல்தரையின் காந்தப் பட்டைகளை விளக்கினார்கள். நடுமலைத்தொடரின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்த வரிகள் படிந்திருப்பது, தரை இருபுறமும் விரிகிறது என்பதாலேயே என்றார்கள். அதைச் சரிபார்க்கக் கப்பலும் கருவியும் போதும். சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோர் மாறிவிட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு நம்பிக்கை என்பது கருத்தின் தாழ்ந்த வடிவம் என்று யாரேனும் முடிவு செய்தால், அதை நான் ஏற்க மாட்டேன்.

கருத்தால் செய்ய முடியாத வேலைகள் பல உண்டு. பிள்ளை படித்து முன்னுக்கு வருவான் என்று கடன் வாங்கிப் பள்ளிக்கு அனுப்பும் தாய் சாத்தியக்கூறு பார்த்து அனுப்புவதில்லை. அவள் நம்புகிறாள், அந்த நம்பிக்கையே பிள்ளையைப் படிக்க வைக்கும் காரணங்களுள் ஒன்றாகிறது. திருமணம், நட்பு, போராட்டம் எல்லாவற்றிலும் இது உண்டு. சான்று முழுதாக வரும்வரை காத்திருந்தால் எதுவும் தொடங்காது. குமரிக்கண்டமும் இந்த வகையில் ஒரு வேலை செய்தது. தமிழ் என்பது வடமொழியின் கிளை, தமிழருக்குத் தனி வரலாறு இல்லை என்று அதிகாரத்தோடு சொல்லப்பட்ட காலத்தில், தலைநிமிர்ந்து நிற்க அது ஒரு தலைமுறைக்குத் துணையாக இருந்தது. ஏடு தேடவும், நூல் பதிப்பிக்கவும், சொல் தொகுக்கவும் பலரை அது உந்தியது. அதை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடற்கரை மக்களின் நினைவும் அதற்குள் இருக்கிறது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி போயிற்று. 2004 டிசம்பர் 26 காலையில் நாகையும் கடலூரும் கன்னியாகுமரியும் பட்டதை நாமே பார்த்தோம். கடல் நிலத்தைக் கொள்ளும் என்பது இந்தக் கரையில் யாரும் கற்பனை செய்ய வேண்டிய விஷயமில்லை. பாண்டியனின் நிலத்தைக் கடல் கொண்டதைக் கலித்தொகையும் சொல்கிறது.

ஆனால் நினைவைக் கருத்தாக்க ஆசைப்பட்டால் அதற்கு அளவு வேண்டும். புவியியலாளர் சு. கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' நூலில் செய்தது அதைத்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே நடந்தே போகலாம். பாக் நீரிணை நிலமாக இருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே, இன்று மீனவர்கள் வலைவீசப் போகும் வெட்ஜ் பேங்க் என்ற ஆழம் குறைந்த கடற்பரப்பின் பெரும்பகுதி கரையாக இருந்திருக்கும். பனி உருகக் கடல் ஏறி அந்த நிலத்தைக் கொண்டது. பழைய உரைகளின் கடல்கோளுக்கு அடியில் உண்மை நிகழ்ச்சி ஏதேனும் இருக்குமானால், அதைத் தேட வேண்டிய இடம் இது. மடகாஸ்கர் வரை போக வேண்டியதில்லை.

இந்தக் கருத்தின் அழகு அதன் அடக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு நிலம், எந்த ஆழம் வரை, எந்தக் காலத்தில் என்று சொல்கிறது. சொன்னதால் சோதிக்க இடம் தருகிறது. ஒரு கப்பலும் எதிரொலிக் கருவியும் தரையைத் துளைத்து மண்ணெடுக்கும் குழாயும் இருந்தால் போதும். பழைய ஆற்றுப் படுகை அங்கே உண்டா, மனிதர் இருந்த தடயம் உண்டா என்று பார்த்துவிடலாம். கண்டம் ஒன்று மூழ்கவில்லை என்பது என் கருத்தும்தான். அது கருத்து என்பதால் அதன் நிபந்தனையையும் எழுதிவிடுகிறேன். தெற்கே ஆழ்கடல் தரையில், மனிதர் வாழ்ந்த காலத்துக்குள் தரைமேல் இருந்த பெருநிலத்தின் கருங்கல் மேலோடும் ஆற்று வண்டலும் கிடைத்தால், இக்கட்டுரையில் எழுதியதை விட்டுவிடுவேன்.

இப்போது பேச்சுவழக்கில் ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. யாராவது ஒன்றைச் சொல்கிறார், மற்றவர் ஏன் என்று கேட்கிறார். உடனே, அது என் கருத்து, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா என்ற பதில் வருகிறது. உரிமை உண்டு, யாரும் மறுக்கவில்லை. ஆனால் கேட்டது உரிமையைப் பற்றி அல்லவே, காரணத்தைப் பற்றி. காரணம் சொல்ல மறுத்த நொடியில் அவர் தம் கையில் இருப்பதைக் கருத்து என்ற பெயரில் வைத்துக்கொண்டு, நம்பிக்கைக்கு உரிய பாதுகாப்பைக் கேட்கிறார். கருத்துக்கு உரிய மதிப்பு அதைத் தொடாமல் விடுவதில் இல்லை. எடுத்து உரசிப் பார்ப்பதுதான் அதற்குத் தரும் மதிப்பு. மறுபக்கம், ஒருவர் தம் வழிபாட்டையோ பாசத்தையோ சொல்லும்போது சான்று எங்கே என்று மடக்குவதும் முறைகேடுதான். அவர் வழக்குக்கு வரவில்லை.

மணிமேகலை வஞ்சியில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் திறத்தைச் சொல்லக் கேட்கிறாள். அளவைவாதி அளவைகளை எண்ணிச் சொல்லும் இடமும் அந்தக் காப்பியத்திலேயே இருக்கிறது. காரணம் கேட்கும் பழக்கத்தை ஐரோப்பாவிலிருந்து கடன் வாங்கினோம் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை.

தமிழின் தொன்மைக்கு இன்று சான்று தேடுவோருக்குக் கடலடிக் கண்டம் தேவைப்படவும் இல்லை. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் சோதிக்கப்பட்டு, அதன் காலம் கி.மு. 580 என்று 2019இல் வெளியானது. சிவகளையில் முதுமக்கள் தாழியில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று அறிவிக்கப்பட்டது. இவை கருத்துகள். ஆழம் சொல்லப்பட்டிருக்கிறது, மாதிரி சொல்லப்பட்டிருக்கிறது, முறை சொல்லப்பட்டிருக்கிறது. நாளை வேறொரு மாதிரி வேறு ஆண்டைச் சொன்னால் இவை மாறும், அந்த மாற்றத்தால் நமக்குக் குறைவு ஒன்றும் வராது. எதிர்ப்பவர்கள் ஏற்க மறுத்தாலும், மறுக்கும் காரணத்தை அவர்களிடம் கேட்க இவை நமக்கு உரிமை தருகின்றன. குமரிக்கண்டத்தை முன்னே நிறுத்தி வாதாடினால் அந்த உரிமை நம் கையில் நிற்காது.

ஆகவே தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கடல்கோள் பாடம் வரும்போது உரைகாரர்களின் 49 நாடுகளை மாணவர்களுக்கு முழுதாகச் சொல்லுங்கள், அது நம் இலக்கியச் சொத்து. கூடவே குமரிமுனைக் கடலின் ஆழப்படம் ஒன்றையும் வகுப்பில் விரித்துக் காட்டுங்கள். பிறகு, எது கிடைத்தால் உன் எண்ணத்தை மாற்றிக்கொள்வாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.